பெயர்ச்சீட்டு இல்லாத மேண்டலின்



நம் வீட்டுப் பரண்களில் எத்தனை பழைய வாத்தியங்கள் தூங்குகின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. தந்தி அறுந்த வயலின், காற்று ஒழுகும் ஆர்மோனியம், புல்புல்தாரா என்று ஏதாவது ஒன்று இருக்கும். என் பங்குக்கு என்னிடம் இருப்பது ஒரு செகண்ட் ஹேண்ட் மேண்டலின். பழைய சாமான் கடையில் வாங்கியது. செய்தவர் பெயர், ஊர், ஆண்டு எதுவும் அதில் இல்லை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். "பேர் இல்லாத சரக்கு சார், தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன், சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜரோடு காலம் தள்ளியவன். சங்கீதம் முறையாகக் கற்றவன் அல்ல. ஆனால் வங்கியில் கற்றது ஒன்று உண்டு: பெயர் அழிந்துபோன கணக்கையும் அதன் பதிவுகளைக் கொண்டே படிக்கலாம். அதே முறையில் இந்த வாத்தியத்தைப் படித்தபோது கிடைத்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், அதைத் தேய்க்கவோ எடைக்குப் போடவோ முடிவு செய்யும் முன் படித்துப் பாருங்கள்.

பெயர் ஏன் இல்லை?

இன்று நாம் பார்க்கும் மேண்டலினின் தாய்வீடு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், வினாச்சியா என்ற வாத்தியத் தச்சர் குடும்பம் அங்கே புகழ்பெற்றிருந்தது. பின்புறம் பூசணிக்காயைப் பாதியாக வெட்டியதுபோல் குடம். மேலே நான்கு ஜோடித் தந்திகள். சுருதி அமைப்பு வயலினுக்கு உள்ளதே. தந்தியை மீட்டியதும் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால், ஒரே சுரத்தை வேகமாக மேலும் கீழும் தட்டி நீட்டிக்கொள்வார்கள். ஜோடித் தந்தி அந்த ஒலிக்குக் கனம் கொடுக்கும்.

மொசார்ட் 1787-இல் 'டான் ஜியோவானி' இசை நாடகத்தில் ஒரு பாட்டுக்கு இந்த வாத்தியத்தைத் துணையாக வைத்தார். பேத்தோவன் 1796-இல் இதற்காகச் சிறு உருப்படிகள் எழுதினார். 1835 வாக்கில் பாஸ்குவாலே வினாச்சியா எஃகுத் தந்திகளையும், அவற்றின் இழுப்பைத் தாங்கப் பல்சக்கரம் வைத்த முறுக்காணிகளையும் கொண்டுவந்தார். ஆக, நாம் 'பழைய அசல் மேண்டலின்' என்று சொல்வதே ஏற்கெனவே ஒருமுறை மேம்படுத்தப்பட்ட வாத்தியம்தான்.

1880-இல் ஸ்பெயினிலிருந்து மாணவர் உடையணிந்த ஓர் இசைக்குழு அமெரிக்கா சென்றது. அவர்கள் வாசித்தது பண்டூரியா என்ற வேறொரு வாத்தியம். அங்கே குடியேறியிருந்த இத்தாலியர்கள் அந்தக் குழுவைப் பார்த்துத் தாங்களும் மேண்டலின் குழுக்கள் அமைத்தார்கள். அடுத்த முப்பது வருடம் அமெரிக்காவில் மேண்டலின் மோகம். கல்லூரிதோறும், ஊர்தோறும் குழுக்கள். தேவை பெருகியதும் தொழிற்சாலைகள் முளைத்தன. 1898-இல் ஆர்வில் கிப்சன் என்பவர் குடத்தை விட்டுவிட்டு, வயலினைப் போல் பலகையைக் குடைந்து செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

பெயர் மறைந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. சிகாகோவின் பெரிய தொழிற்சாலைகள் செய்த வாத்தியங்கள் கடைக்காரர்களின் பெயரில் விற்கப்பட்டன. தபால் மூலம் விற்ற சியர்ஸ் நிறுவனம் தன் சரக்குக்கு 'சூப்பர்டோன்' என்று பெயர் வைத்தது. ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்தில் இன்னொரு முறை. ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடல், வேறொரு வீட்டில் உதிரிகள் என்று குடிசைத் தொழிலாகச் செய்வார்கள். மொத்த வியாபாரி சேர்த்து விற்பார். எந்த ஒருவரின் பெயரை ஒட்டுவது? நம் ஊர் நெசவு போலத்தான். புடவையில் கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது. ஜப்பானில் நகோயா சுசுகி தொழிற்சாலையும், நம் நாட்டில் கொல்கத்தாப் பட்டறைகளும் பின்னாளில் ஏராளமாகச் செய்தன. பெயர் இல்லை என்றால் மட்டம் என்று பொருளல்ல. பல கைகள் பட்டது என்பதும் பொருளாக இருக்கலாம்.

வாத்தியத்தை ஆடிட் செய்வது

ஒரு டார்ச், ஒரு ஸ்கேல், ஒரு சிறு கண்ணாடி போதும்.

முதலில் திருகாணிகளைப் பாருங்கள். தலையில் ஒற்றைக் கோடா, நட்சத்திரமா? நட்சத்திரத் திருகு 1930-களின் நடுவில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால், குறைந்தபட்சம் அந்தப் பாகம் அதற்குப் பிறகு போட்டது. என்னுடையதில் ஒரு பக்க முறுக்காணித் தகட்டில் ஒற்றைக் கோடு, மறுபக்கம் நட்சத்திரம். ஒரு பக்கம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது.

அடுத்து நாட்டின் பெயர். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று பொருள்படும் முத்திரை இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது, 1952-க்கு முந்தியது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஒலித்துளை வழியே டார்ச் அடித்து உள்ளே தேடுங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் அது ஒட்டியிருந்த கோந்துத் தடம் இருக்கும்.

மூன்றாவது அளவு. வீணையில் மெட்டு, குதிரை என்பவற்றை மேண்டலின்காரர்கள் ஃப்ரெட், பிரிட்ஜ் என்பார்கள். தந்தி புறப்படும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை சுமார் 33 சென்டிமீட்டர் என்றால் நேப்பிள்ஸ் வழி. 35-க்குச் சற்று மேல் என்றால் அமெரிக்க வழி.

நான்காவது மரம். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை விளிம்பின் தடிமனிலும் தொடர்ந்தால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஒரே பலகை என்றால் சரிசெய்யச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாகத் தேய்மானம். என்னுடையதில் மெல்லிய தந்திகளுக்குக் கீழே முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது. மேல்பலகையில் பிரிட்ஜ் நின்ற தடம் வார்னிஷில் பதிந்திருக்கிறது. யாரோ ஒருவர் பல வருடம் இதை வாசித்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கையெழுத்து இதில் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

சரிசெய்யும் வரிசை

முதலில் கழுத்து. ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. தீக்குச்சி நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது, தச்சரிடம் போக வேண்டும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் விரிசலோ, மரத்தில் வண்டு துளைத்த பொடியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது தந்தி. கனமான எட்டுத் தந்திகளின் மொத்த இழுப்பு சுமார் 80 கிலோவை எட்டும். ஒரு பெரிய ஆள் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது போல. பழைய குட மேண்டலின் அதைத் தாங்காது, மேல்பலகை உள்வாங்கிவிடும். மெல்லிய தந்தி தொகுப்பாகக் கேட்டு வாங்குங்கள். எட்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது.

மூன்றாவது அந்த பிரிட்ஜ். வீணையில் மெழுகில் மெட்டுகளை நகர்த்தி மேளம் கட்டலாம். மேண்டலினில் ஃப்ரெட்டுகள் அசையாது, பிரிட்ஜ்தான் அசையும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். பாதிப் 'பேசாத' மேண்டலின்களின் நோய் இதுதான். வைத்தியச் செலவு ஒரு பைசா இல்லை.

நான்காவது உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் விரல் நோகாது. நட்டின் பள்ளங்களில் பென்சில் தூள் தடவினால் தந்தி சிக்காமல் நகரும். முறுக்காணி மாற்றத்தான் வேண்டும் என்றால், ஆணிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழைய துளையில் பொருந்துவதை வாங்குங்கள். துளையை நகர்த்தாதீர்கள்.

எதுவரை மாற்றலாம்?

இதற்கு வரலாறு இரண்டு பதில் தருகிறது.

அமெரிக்கப் புளூகிராஸ் இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோ, 1940-களில் மயாமி நகரின் ஒரு முடிதிருத்தும் கடையில் விற்பனைக்கு இருந்த பழைய மேண்டலினை 150 டாலருக்கு வாங்கினார். 1923-இல் கிப்சன் நிறுவனம் செய்தது. பின்னாளில் அந்த நிறுவனத்திடம் கோபம் வந்து, தலைப்பலகையில் இருந்த அதன் பெயரைத் தானே சுரண்டி எடுத்தார். அந்தக் காயம் தெரியும் தலைப்பலகை இன்று உலகப் பிரசித்தம். 1985-இல் யாரோ வீடு புகுந்து அந்த மேண்டலினை உடைத்தார்கள். கிப்சன் பட்டறையிலேயே சில்லுச் சில்லாகச் சேர்த்து ஒட்டினார்கள். மன்றோ மீண்டும் அதையே வாசித்தார். புதிது வாங்க முடியாதவர் அல்ல அவர்.

இன்னொருவர் நமக்கு நெருக்கமானவர். 1969-இல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-இல் 45 வயதில் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மேண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதை வாத்தியத்தில் பிடிப்பான். கர்நாடக சங்கீதத்துக்குக் கமகம் வேண்டும். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஜோடியில் இரண்டும் சமமாக இழுபட வேண்டும், அது லேசில் நடக்காது. அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மேண்டலின். பாட்டு என்ன கேட்டதோ, அதற்கேற்ப வாத்தியம் மாறியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. மேண்டலின் பிறந்த நாளிலிருந்து மாறிக்கொண்டே வந்த வாத்தியம், மாற்றுவது பாவமில்லை. ஆனால் வங்கி லெட்ஜரில் தவறான பதிவை நாங்கள் சுரண்டி அழிப்பதில்லை. ஒரு கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போடுவோம். பழைய பதிவும் படிக்கத் தெரிய வேண்டும். வாத்தியத்துக்கும் அதே விதி. திரும்பப் பெற முடிந்த மாற்றம் எதுவும் செய்யலாம். துளை போடுவது, தேய்ப்பது, வெட்டுவது மூன்றுக்கும் முன் நூறு முறை யோசியுங்கள்.

உதாரணமாக, உங்கள் பேரன் பேத்தி கீர்த்தனை வாசிக்க ஆசைப்பட்டால், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தந்தியைக் கழற்றிவிடுங்கள். நான்கு ஒற்றைத் தந்தி மேண்டலின் தயார். ஒலிபெருக்கி வேண்டுமென்றால் மேலே ஒட்டும் பிக்கப் கிடைக்கிறது, பலகையைத் துளைக்க வேண்டாம். கழற்றிய பழைய பிரிட்ஜ், ஆணி, திருகு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, வாத்தியத்தோடே வையுங்கள். கூடவே என்ன மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள், எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் குறித்து, உங்கள் பெயரையும் எழுதுங்கள். செய்தவர் பெயர் காணாமல் போனாலும், பராமரித்தவர் பெயராவது அடுத்தவருக்குக் கிடைக்கட்டும்.

பரணை இந்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பாருங்கள். ஈரம் ஏறினால் கோந்து விட்டுவிடும். வாத்தியம் கிடைத்து, அளவெடுக்கத் துணை வேண்டுமென்றால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ஸ்கேலும் டார்ச்சும் நான் கொண்டு வருகிறேன்.