நெய்தல் நிலத்து இல்லக் கருவிகள்: காலமும் காப்பும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. இராமநாதபுரச் சீமையைப் பொறுத்தவரை அது இயல்பே. சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளையும் இராமேசுவரத் திருக்கோயில் கல்வெட்டுகளையும் அறிஞர் பலர் படித்து நூலாக்கியுள்ளனர். ஆயினும் அடுக்களையிலும் திண்ணையிலும் நிகழ்ந்த வாழ்க்கைக்குச் செப்பேடு எழுதியவர் எவருமிலர். அவ்வாழ்க்கைக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை, பெண்களின் கைபட்டுத் தேய்ந்த சில கருவிகளே.

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். மனிதர் கையாளும் கருவியும் நிலத்தின் இயல்பைக் காட்டும் என்பது அதனால் பெறப்படும். இருபதாம் நூற்றாண்டு நெய்தலுக்குக் கருப்பொருள் எழுதப் புகுந்தால், தையல் இயந்திரத்தையும் வானொலிப் பெட்டியையும் விடுத்து எழுத இயலாது. இவ்விரண்டும் இக்கரைக்கு வந்த வழியையும், அவற்றின் காலத்தைக் கணிக்கும் முறையையும், அவற்றை வாங்குவோரும் சீர்செய்வோரும் மனங்கொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வந்த வழி

1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் ரயிலேறிக் கொழும்பை அடையலாயினர். மக்கள் நாவில் 'போட் மெயில்' என வழங்கியது இப்பயணமே. தோட்டத் தொழிலுக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டுப் பின்னரே கடல் கடந்தனர். கீழக்கரை முதலிய ஊர்களின் வணிகர்க்கோ இலங்கை அயல்நாடாகவே தோன்றவில்லை. அது அடுத்த தெருவைப் போன்றது.

போனவர் வெறுங்கையோடு திரும்புவது வழக்கமன்று. சிங்கர் நிறுவனம் 1877 முதல் இலங்கையில் வாணிகம் செய்தது. முழு விலையையும் ஒருசேரக் கொடுக்க இயலாதவர்க்குத் தவணை முறையில் விற்கும் வழக்கத்தை அந்நிறுவனம் அமெரிக்காவில் 1850களிலேயே தொடங்கிவிட்டது. மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி ஓர் இயந்திரத்துக்கு உடைமையாளராகும் வாய்ப்பு, கூலி பெறும் குடும்பத்துக்கும் இதனால் கிட்டியது. இயந்திர நாகரிகத்தை ஐயுற்ற காந்தியடிகள்கூட 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார் என்பது கருதத்தக்கது. மனைவியின் கைவலி பொறாத கணவனின் அன்பிலிருந்து பிறந்த கருவி என்று அவர் அதைக் கண்டார்.

1964ஆம் ஆண்டு இவ்வழியின் போக்கை மாற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியக் குடிமக்களாக ஏற்கப்பட வேண்டும் என்று அது வகுத்தது. இரு மாதம் கழியுமுன், டிசம்பர் 22 நள்ளிரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை மலைகளில் உழைத்தோர், தாம் கண்டிராத தாயகத்துக்குத் 'திரும்பி' வந்தனர். பாத்திரம், பாய், பெட்டி ஆகியவற்றோடு சிலர் தையல் இயந்திரத்தையும் வானொலிப் பெட்டியையும் சுமந்து வந்தனர். கரையிறங்கிய சில நாள்களிலேயே அவற்றை விற்றோரும் உண்டு. இப்பகுதியின் பழைய வீடுகளில் 'கொழும்பு மெஷின்' என்று குறிக்கப்படுவனவற்றுட் சில, அவ்வாறு கைமாறியவையே.

காலங் கணித்தல்

ஒரு நூலின் காலத்தை நாம் எவ்வாறு கணிக்கிறோம்? அது எந்த நூலை அறிந்திருக்கிறதோ அதற்குப் பிந்தியது. எந்நூலில் அது எடுத்தாளப்படுகிறதோ அதற்கு முந்தியது. இவ்வாறு மேலெல்லையும் கீழெல்லையும் வகுத்து இடைப்பட்ட காலத்தைக் காண்கிறோம். கருவிக்கும் இதுவே நெறி.

சிங்கர் தையல் இயந்திரத்தின் அடித்தட்டில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900க்கு முந்தியவற்றில் எண் மட்டுமே காணப்படும். அதன்பின் எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்தொன்று சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1880களில் எழுந்து 1980இல் மூடப்பட்ட தொழிற்சாலையில் செய்யப்பட்டவற்றுள் 'எஃப்' என்னும் எழுத்து ஏறக்குறைய 1910களையும், 'ஒய்' என்னும் எழுத்து 1920களையும் 1930களின் முற்பகுதியையும், 'ஈ'யில் தொடங்கும் இரட்டையெழுத்து 1935க்குப் பிந்திய காலத்தையும் சுட்டும். ஒன்றை மறத்தலாகாது: அவ்வெண் தொழிற்சாலையில் ஒதுக்கப்பட்ட காலத்தையே காட்டும். இயந்திரம் கடல் கடந்து, கடையில் காத்திருந்து, ஒரு பெண்ணின் முன் வைக்கப்பட்ட நாளை அது கூறாது. அதனை அவ்வீட்டாரே கூற வேண்டும்.

எண் மறைந்தவிடத்து உறுப்புகள் துணைபுரியும். பழைய வகைகளில் கீழ்நூலைத் தாங்கும் சட்டில், தோட்டாவைப் போல் நீண்டு முன்னும் பின்னும் வீசியாடும். பின்னர்ப் பெருகிய வகைகளில் வட்டமான பாபின் அமைந்தது. நம் நாட்டில் ஜெய் என்ஜினியரிங் நிறுவனம் கல்கத்தாவில் 1930களின் நடுவில் உருவாக்கத் தொடங்கிய உஷா இயந்திரங்களும் வட்டப் பாபின் கொண்டவையாகவே பரவின. ஆகவே 'பாட்டனார் காலத்து உஷா' எனக் காட்டப்படும் இயந்திரம் எவ்வளவு பழையதாயினும் அந்த எல்லைக்கு முற்பட்டதாகாது.

வானொலிப் பெட்டிக்கு அதன் முகப்புக் கண்ணாடியே ஏடு. அதில் நிலையங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. எனவே திருச்சியின் பெயர் தாங்கிய முகப்பு அவ்வாண்டுக்கு முந்தியதாக இருக்க இயலாது. அடுத்து வால்வுகளை நோக்குதல் வேண்டும். எட்டுக் கால் கொண்ட ஆக்டல் வால்வு 1935ஐ ஒட்டி வந்தது. நிலையம் சரியாகப் பிடிபட்டதும் பச்சையாய் ஒளிரும் 'மாயக்கண்' வால்வும் அக்காலத்ததே. ஏழு கால், ஒன்பது கால் கொண்ட சிறு கண்ணாடி வால்வுகள் இருப்பின், பெட்டி பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. ஆயினும் பழுதுபார்ப்பவர் பிற்கால உறுப்பைச் செருகியிருக்கலாம். இடைச்செருகல் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று.

பெட்டியோடு அஞ்சலக உரிமப் புத்தகம் கிடைக்குமாயின் அது பெரும்பேறு. வானொலி கேட்க ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1980களின் நடுவில்தான் அது நீங்கியது. அப்புத்தகத்தின் பக்கங்கள், எந்த வீடு எத்தனை ஆண்டு வானொலி கேட்டது என்பதற்குக் கையொப்பமிட்ட சான்று.

இக்கரையில் அவ்வாறு கேட்கப்பட்டது பெரும்பாலும் இலங்கை வானொலி. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்றது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், மத்திய அலை நிலத்தின் மேல் நலிவதைப் போலக் கடலின் மேல் நலிவதில்லை. நிலவழியே வந்த ஒலியினும் நீர்வழியே வந்த ஒலி தெளிவாக இருந்தமைக்கு இதுவே காரணம். மயில்வாகனனின் குரலையும், பின்னர் அப்துல் ஹமீதின் குரலையும் கேட்டு வளர்ந்தோர் நம் வட்டத்தின் மூத்த கவிஞருள் உளர். அவர்தம் செவிக்குத் தமிழ் ஓசையைப் பழக்கிய ஆசிரியருள் ஒன்றாக அந்த மரப்பெட்டியையும் சொல்லலாம்.

வாங்குதல்

இத்தகைய பொருள்கள் இன்று மூன்றிடங்களில் கிடைக்கின்றன. ஒன்று, 1985 வரை இராமநாதபுர மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகள். மற்றொன்று, எடைபோட்டு வாங்கும் பழைய இரும்புக் கடைகள். மூன்றாவது, வீடுகள்.

கடையில் வாங்குவோர் சிலவற்றைச் சோதித்தல் வேண்டும். தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்ற, ஊசி தடையின்றி ஏறியிறங்க வேண்டும். இறுகியிருப்பின் அஞ்சற்க, பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கே காரணம். வார்ப்பிரும்பில் விரிசல் இருப்பின் விலகுக. வானொலியின் பின்மூடியைத் திறந்து, உட்தகட்டில் உப்புத்துரு எவ்வளவு ஏறியுள்ளது, கம்பிச் சுருள்களில் பச்சைக் களிம்பு பூத்துள்ளதா என்று நோக்குக. கடற்கரைப் பெட்டிகளை அழிப்பது முதுமையைவிட உப்புக்காற்றே.

வீட்டில் வாங்குவோர்க்கு வேறொரு கடமையும் உண்டு. விலை பேசுமுன் வரலாறு கேட்டல் வேண்டும். யார் வாங்கியது, எங்கிருந்து வந்தது, அதில் என்ன தைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பொருளை மட்டும் பெற்றுச் சொல்லை அங்கேயே விட்டு வருவது, ஏட்டை வாங்கி எழுத்தைத் துடைத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

சீர்செய்தல்

இவ்விடத்து என் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் இல்லத்தில் ஒரு கொழும்பு மெஷின் இருந்தது. தாயகம் திரும்பிய குடும்பம் ஒன்றிடமிருந்து, நான் பிறக்குமுன், என் தாயார் வாங்கியது. விற்ற அம்மையார் விலையைப் பெற்றுக்கொண்டபின் இயந்திரத்தின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சென்றாராம். என் பாவாடை சட்டைகள் யாவும் அதில் தைத்தவை. கறுத்த உடலில் பொன்னிறத்தில் ஒரு பூவேலை; அம்மாவின் வலக்கை படும் இடத்தில் மட்டும் அது தேய்ந்திருந்தது. பணியில் சேர்ந்தபின், அம்மாவை மகிழ்விக்க எண்ணி, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அவர் உப்புத்தாள் தேய்த்துப் பளபளக்கும் புதுச்சாயம் பூசிக் கொடுத்தார். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. என் மெஷின் எங்கம்மா?" என்று கேட்டார்.

குறை அவருடையதன்று. 'புதிதுபோல் ஆக்குங்கள்' என்று சொன்னது நானே. பல ஆண்டுகளுக்குப் பின் அடித்தட்டின் சாயத்தை நகத்தால் சுரண்டியபோது 'ஒய்' என்னும் எழுத்தும் சில எண்களும் தெரிந்தன. ஆண்டு கிடைத்தது, தேய்ந்த பூ கிடைக்கவில்லை.

சுவடிப் பதிப்பைக் கற்பிக்கும் எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினர். தாமே பாடி நிரப்பவில்லை. பாடவேறுபாட்டை மறைக்காமல் அடிக்குறிப்பில் தந்தனர். கருவியைச் சீர்செய்வோர்க்கும் இந்நெறி பொருந்தும். இயங்குவதற்கு இன்றியமையாததைச் செய்க, தேய்மானத்தை அழிக்கற்க, மாற்றிய உறுப்பைக் குறித்துவைக்க, கழற்றியதை எறியற்க.

தையல் இயந்திரத்தில் நம் பெண்கள் தேங்காய் எண்ணெய் விடுவதுண்டு. நாளடைவில் அது இறுகிப் பசையாகி இயந்திரத்தைக் கட்டிவிடும். உட்பாகங்களில் மண்ணெண்ணெய் சில துளி விட்டு, ஊறவைத்து, துடைத்து, பின்னர்த் தையல் இயந்திர எண்ணெய் இடுக. பூவேலையின் மேல் மண்ணெண்ணெய் படலாகாது. சாராயம் கலந்த எந்த நீர்மமும் ஆகாது. பழைய மெருகு அரக்கால் ஆனது. சாராயத்தில் அது கரையும், பூவும் உடன்போகும். மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தலே போதும்.

வானொலியில் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். நெடுநாள் கிடந்த பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகுதல் கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உலர்ந்தோ கசிந்தோ இருக்கும். அவை வெடிக்கவும், மின்மாற்றி எரியவும் கூடும். அறிந்த தொழிலாளர் முதலில் ஒரு குண்டு விளக்கைத் தொடராக இணைத்தே மின்சாரம் தருவர். விளக்கு பிரகாசமாக எரிந்தால் உள்ளே குறுக்கிணைப்பு உண்டென அறிவர். மின்தொடர்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கியில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ஆதலின் இப்பணி கைதேர்ந்தவர்க்கே உரியது. அவர்களுட் சிலர் பழைய மின்தேக்கியின் கூட்டைக் காலியாக்கி அதனுள்ளேயே புதியதை வைத்துவிடுகின்றனர். தோற்றம் பழையது, உயிர் புதியது. நல்ல உரையாசிரியரின் செயல் போன்றது அது.

நிறைவாக

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டுப் பாலத்தின் ரயிலோசை அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. தலைமன்னார்க் கப்பல் 1980களில் போர்ச் சூழலால் நின்றது. அதன்பின் உயிருக்கஞ்சிப் படகேறி வந்தோருள் பெரும்பாலோர்க்கு இயந்திரத்தைச் சுமந்து வரும் வாய்ப்பும் இருக்கவில்லை. ஆகவே அவ்வழியே வந்த கருவிகளின் எண்ணிக்கை இனிப் பெருகப்போவதில்லை, குறையத்தான் போகிறது. ஒவ்வொன்றும் இரும்பு விலைக்குப் போகும்போது, கப்பலேறிய ஒரு குடும்பத்தின் ஏடும் உடன்போகிறது.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தின் உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இத்தகைய கருவி இருப்பின், விற்கும் முன்போ மெருகேற்றும் முன்போ அதன் எண்ணையும் முகப்பையும் படியெடுங்கள். வீட்டின் மூத்த பெண்மணி அதைப் பற்றிச் சொல்வதை அவர் சொல்லும் தமிழிலேயே எழுதுங்கள். அக்குறிப்புகளைத் தொகுத்தால் இக்கடற்கரைப் பெண்களின் வரலாற்றுக்கு அதுவே முதல் ஏடாகும்.

என் பங்காக முதற் குறிப்பைத் தருகிறேன்: சிங்கர், 'ஒய்' வரிசை, கிளைட்பேங்க், தலைமன்னார் வழி இராமேசுவரம், இருவர் கைபட்டது, பூவேலை இல்லை, அழித்தது நான்.