ஓம் என்னும் பள்ளி ஆசிரியர்

நாம் எவ்வூரில் குடியிருந்தாலும், வீட்டு மின்கருவிகளில் வோல்ட், வாட் என்னும் சொற்களைக் காண்கிறோம். அவற்றை இணைக்கும் கணக்கின் பின்னே ஒரு பள்ளி ஆசிரியரின் உழைப்பு நிற்கிறது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் கற்பித்தவர் கியோர்க் ஓம். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்பதில்லை. ஆகவே அவர் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீராலும் மற்றதைப் பனிக்கட்டியாலும் தத்தம் நிலையான வெப்பநிலையில் நிறுத்தி, மாறாத மின்னழுத்தம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைப் பூட்டி மின்னோட்டத்தை அளந்தார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்பதே அவர் கண்ட விதியின் சாரம். 1827-இல் அதனை விளக்கி நூல் வெளியிட்டார்.

தம் நாட்டில் அந்நூலுக்கு உரிய மதிப்புக் கிட்டாமையால் அவர் பதவியைத் துறந்தார். 1841-இல்தான் லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்று எழுதினார். இவ்விரு விதிகளும் சேர, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மின்திறன் என்றாயிற்று.

230 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொள்ளும் இஸ்திரிப் பெட்டியின் தடை 115 ஓம். திறன் 460 வாட். அன்று மதியாத அவ்வாசிரியரின் பெயரையே இன்று நாம் அளவாகச் சொல்லுகிறோம்.