கொப்புள நோயும் வெயிற் கணக்கும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் இன்று கண்ணுக்குத் தெரிவது தேயிலையே. ஆயினும் இந்நாட்டின் மலைச்சரிவுகளை முதன்முதலிற் பெருந்தோட்டங்களாக்கிய பயிர் தேயிலையன்று, கோப்பியே ஆகும். 1869 ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில், இரும்பிற் படியும் துருவைப் போன்ற செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. தோட்டத் துரைமார் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒரு பருவத்தில் வந்தது மறுபருவத்திற் போய்விடும் என்றே எண்ணினர். மார்ஷல் வார்டு என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 1880 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, அந்நோயை விளைக்கும் பூஞ்சணத்தின் வாழ்க்கை முறையைத் தெளிவாக ஆராய்ந்து கூறினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் கைவிடப்பட்டன. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் நட்டுப் பார்த்த தேயிலையே பின்னர் மலைநாடெங்கும் பரவியது.

கோப்பியின் அழிவிலிருந்து மலைநாடு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. நோயைப் பற்றிய அறிவு எவ்வளவு சிறந்ததாயினும், தக்க காலத்தில் அது முடிவாக மாறாவிட்டாற் பயன் தராது என்பதே அப்பாடம். அதனை மீண்டும் சோதிக்கும் வேளை எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது.

1946 ஆம் ஆண்டிலே கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. அதே ஆண்டில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் அது காணப்பட்டது. அஸ்ஸாமில் 1868 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்த இந்நோய், நெடுங்காலம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டாதிருந்தது. இளந்தளிரின் மேல் முதலிற் சிறு புள்ளியொன்று தெரியும். அது வளர்ந்து, இலையின் அடிப்புறத்திற் கொப்புளமாகப் புடைத்து, வெண்ணிறப் பட்டுப்போல் மூடிக்கொள்ளும். அக்கொப்புளத்திலிருந்து எண்ணற்ற வித்திகள் காற்றிற் பறந்து, அடுத்த செடியையும் அடுத்த மலையையும் சென்றடையும். தேயிலைக்கு விலை தருவது அதன் இளங்கொழுந்து; இந்நோய் நாடுவதும் அக்கொழுந்தையே. அக்காலத்தில் இலங்கையில் ஐந்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தேயிலை இருந்தது. நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் அதிலிருந்து வந்தது. எனவே கொழுந்திற் பட்ட கொப்புளம், கொழும்புத் துறைமுகத்தையும் அரசாங்கத்தின் கருவூலத்தையும் தொட்ட கொப்புளமாயிற்று. அவற்றுக்கெல்லாம் முன்னர் அது தொட்டது, கொழுந்து இருந்தாலன்றி வேலையும் கூலியும் இல்லாத இலயத்துக் குடும்பங்களையே.

செப்புச் சேர்ந்த மருந்துகள் இந்நோயைத் தடுக்கும் என்பது விரைவிலே தெரிந்தது. ஆனால் மருந்து கிடைத்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. செப்பு மருந்து, இலையின்மேல் மெல்லிய காப்பாகப் படிந்து, புதிதாக வரும் வித்தியைத் தடுக்கும். இலைக்குள் முன்னரே புகுந்துவிட்ட நோயை அது அகற்றாது. மருந்து அடித்த பின்னர் முளைக்கும் தளிர் காப்பற்றதாகவே முளைக்கும். மருந்து பட்ட கொழுந்தோ அடுத்த முறை கொய்யப்பட்டுக் கூடைக்குள் போய்விடும். ஆகவே மழைக்காலமெங்கும், கொழுந்தெடுப்புச் சுற்று ஒன்று முடிந்ததும் மருந்தடிப்புச் சுற்று ஒன்று தொடர வேண்டியிருந்தது. செங்குத்தான சரிவுகளில் நீரும் மருந்தும் நிறைந்த தெளிகருவியை முதுகிற் சுமந்து ஏறும் ஆட்கள் வேண்டும். மருந்தை விலை கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டும். தேயிலைத்தூளிலே செப்பு மிகுதியாகத் தங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். 'எதனை அடிப்பது' என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும், 'எப்போது அடிப்பது, எப்போது அடியாதிருப்பது' என்ற கடினமான கேள்வி எழுந்தது.

இத்தகைய கேள்விகளை ஆராய்வதற்கென்றே ஓர் அறிவுத்துறை அதே காலத்தில் உருவாகியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னரும் போர்க்காலத்திலும் இங்கிலாந்தில் வளர்ந்த அதனைச் செயற்பாட்டு ஆராய்ச்சி என்பர். அதன் இயல்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நீர்மூழ்கிக் கப்பல்களை அழிப்பதற்கு விமானங்கள் வீசிய வெடிகள், கடலில் நூறு அடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்னும் பௌதிக அறிஞரின் குழுவைச் சேர்ந்த வில்லியம்ஸ், நடந்த தாக்குதல்களின் பதிவுகளை ஆராய்ந்தார். நீர்மட்டத்திற் கண்ணுக்குப் புலப்படும் கப்பலையே விமானம் சரியாகக் குறி வைக்க முடியும். நூறு அடி ஆழத்துக்குப் போய்விட்ட கப்பல் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எனவே வெடியை இருபத்தைந்து அடியில் வெடிக்கச் செய்ய வேண்டுமென்று அவர் கூறினார். புதிய விமானமோ புதிய வெடியோ இன்றியே தாக்குதல்களின் பயன் பன்மடங்காயிற்று. கையில் உள்ளதை எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு பயன்படுத்துவது என்பதை ஊகத்தால் அன்றி எண்ணிக்கையால் முடிவு செய்வதே இத்துறையின் சாரம்.

தலவாக்கலையிலே நடந்த பணிக்கு அப்பெயர் சூட்டப்படவில்லை. ஆயினும் அதன் முறை அதுவே. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலையை அடுத்த செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இலையை மட்டும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்த்தனர். வித்தி முளைப்பதற்கு இலையின்மேல் நீர்ப்படலம் பல மணி நேரம் நிற்க வேண்டும். வெயிலோ இலையை உலர்த்துவதுடன் வித்தியையும் கொல்லும். ஆதலால் மழை எவ்வளவு பெய்தது என்பதைக் காட்டிலும், வெயில் எத்தனை மணி நேரம் எரித்தது என்பதே நோயின் போக்கை நன்றாகக் காட்டியது. வீசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் வெயிலுக்கும் மழைக்கும் கொப்புள நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1961 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அடுத்தடுத்த சில நாட்களின் சராசரி வெயில், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தை எட்டினால் நோய் தானே அடங்கும். அவ்வேளையில் மருந்தடிப்பு ஒன்றை விட்டுவிடலாம். 1967 ஆம் ஆண்டில் அலன் கெர், ரொட்ரிகோ ஆகியோர் இதனை மேலும் வளர்த்து, காற்றிலுள்ள வித்திகளின் அளவையும் வெயிலின் அளவையும் கொண்டு, வரப்போகும் நோயை முன்னரே கணிக்கும் வழியைக் கூறினர்.

இக்கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இலையினுட் புகுந்த நோய் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவதற்கு ஒன்றரை வாரம் வரையிற் செல்லும். கொப்புளம் முற்றி வித்தி சிந்துவதற்கு ஏறத்தாழ மூன்று வாரமாகும். ஆகையால் இன்று தோட்டத்திற் காணும் கொப்புளம், மூன்று வாரத்துக்கு முன் இருந்த மேகத்தின் விளைவு. கண்ணை மட்டும் நம்பும் துரை, கொப்புளத்தைக் கண்டு அஞ்சி, வெயில் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்ட நாளில் மருந்தடிக்கச் சொல்வார். இலை தூய்மையாக இருக்கக் கண்டு, நோய் உட்புகும் ஈர நாட்களிற் சும்மா இருந்துவிடுவார். தேவையற்ற நாளில் அடித்தால் மருந்தும் உழைப்பும் வீண். தேவையான நாளில் அடியாவிட்டாற் கொழுந்து வீண். இவ்விரண்டு பிழைகளும் ஒரே அளவின அல்ல. எந்தப் பிழை எவ்வளவு இழப்பைத் தரும் என்று நிறுத்துப் பார்த்த பின்னரே, நான்கு மணி நேர வெயில் என்பது போன்ற ஓர் எல்லைக்குப் பொருள் உண்டாகும்.

அந்த எல்லையும் எங்கும் ஒரே முடிவைத் தருவதன்று. ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அட்டனையும் டிம்புலைப் பள்ளத்தாக்கையும் மழையில் மூழ்கடிக்கும்போது, மலைக்கு அப்பாலுள்ள ஊவாவில் வறண்ட காற்று வீசும். தை, மாசி மாதங்களில் அட்டன் பக்கம் வெயிலும் குளிரும் சேர்ந்து நறுமணத் தேயிலை விளையும். ஒரே தோட்டத்திலும், அண்மையிற் கவ்வாத்து வெட்டிய மலை முழுவதும் இளந்தளிராகவே இருக்குமாதலால், அங்கே காவலைத் தளர்த்த இயலாது. விதி ஒன்றே, வெயிலை எண்ணும் இடம் வேறு. ஆகவே முடிவும் வேறு.

வெயிலை எண்ணும் கருவியோ மிக எளியது. கண்ணாடிக் கோளம் ஒன்று. அதன் பின்னே வளைந்த அட்டை ஒன்று. கோளம் சூரிய ஒளியைக் குவித்து அட்டையைச் சுட்டுக் கோடு கீறும். மேகம் மறைத்தாற் கோடு அறுந்துபோகும். மாலையிற் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் எத்தனை மணி என்பது தெரியும்.

இந்தக் கணக்கிற் சேராத சிலவும் இருந்தன. கோடையிலும் மழையிலும் ஒவ்வொரு செடியையும் மிக அருகிலிருந்து பார்ப்பவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்களே. கூடையைத் தலையிலே தாங்கி, நிரை நிரையாக ஏறும் அவர்களின் விரல்களுக்கே கொப்புளம் முதலிற் படும். ஆனால் அவர்கள் கண்டது கங்காணியைத் தாண்டி மேலே செல்வது அரிது. தோட்ட வழக்கில் ஒரு நாள் முழு வேலைக்கு 'ஒரு பேர்' என்பது கணக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும். கொழுந்தை நோய் தின்ற நாளில் நிறை குறைவது எடுப்பவளின் குற்றமன்று. என்றாலும் மடுவத்துத் தராசு அதை அறியாது. ஆணும் பெண்ணும் பெறும் நாட்கூலி சமமானதே 1984 ஆம் ஆண்டிலேதான். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தேயிலைக்கு எத்தனை மணி வெயில் தேவை என்று நுணுகி எண்ணிய நாட்டிலே, அத்தேயிலையைக் காத்த மக்கள் வாக்காளர் கணக்கிற் கூட எண்ணப்படாமற் போயினர். கணக்கின் முறை சரியாயிருப்பது மட்டும் போதாது. எதை எண்ணுவது, யாரை எண்ணுவது என்பதும் ஒரு முடிவே என்பதனை மலைநாட்டு வரலாறு காட்டுகின்றது.

எண்ணாமல் எடுக்கும் முடிவு என்ன செய்யும் என்பதையும் அதே மலைநாடு அண்மையிற் கண்டது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதியும் பூச்சி, பூஞ்சண மருந்துகளின் இறக்குமதியும் நாடு முழுவதற்கும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டன. ஒரு மாவட்டத்திலோ ஒரு பயிரிலோ முதலிற் சோதித்துப் பார்க்கும் படி அதில் இல்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை விலக்கப்பட்டது. ஆயினும் உரமின்றிக் கழிந்த மாதங்களும், பின் வந்த பொருளாதார நெருக்கடியும் செடியிலே தெரிந்தன. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கியது. இரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் 1961 இன் ஆராய்ச்சியாளருக்கும் இருந்ததே. அவர்கள் அதனைக் குறைத்தது ஆணையால் அன்று. எந்த நாளில் குறைத்தாற் கேடில்லை என்று செடியையும் வெயிலையும் கேட்டறிந்து குறைத்தனர்.

கோப்பி அழிந்தபோது அறிவு தாமதமாக வந்தது. 2021 இல் ஆணை அறிவுக்கு முந்திக்கொண்டது. இவ்விரண்டுக்கும் இடையே, தலவாக்கலை மலையிலே, அறிவும் முடிவும் ஒன்றாக நடந்த ஒரு காலம் இருந்தது. கண்ணாடிக் கோளம் அட்டையிலே சுட்ட கருங்கோட்டை ஒவ்வொரு மாலையும் அளந்து குறித்தவர்கள், நாளை மருந்துச் சுமையோடு மலையேற வேண்டுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை கூற முயன்றனர். அந்தச் சுமையைச் சுமந்தவர்களுக்கு அது சிறிய விடையன்று.