வேலையிழந்த ஊரின் உள்ளம்

வறுமை வயிற்றை வாட்டும் என்பதை யாவரும் அறிவர். அஃது உள்ளத்தையும் உருக்குலைக்கும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். வள்ளுவர் நல்குரவுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவ்வுண்மையை எண்ணாலும் அளவாலும் உலகுக்குக் காட்டிய சிற்றூர் ஒன்று ஐரோப்பிய வரலாற்றில் உண்டு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தாலே அவ்வூர்.

ஒரு நூற்றாண்டாக ஊருக்கு உயிராயிருந்த நெசவாலை, உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்க்கு உதவித்தொகையே வாழ்வாயிற்று. அதுவும் காலவரையறைக்கு உட்பட்டதே. 1931இன் இறுதியில் மாரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரைக் கொண்ட ஆய்வுக்குழு அங்குச் சென்றது. கண்டவற்றை 1933இல் நூலாக வெளியிட்டது.

வேலையற்றோர் வெகுண்டெழுவர் என்று எண்ணுவோர் உளர். அங்கு நிகழ்ந்ததோ வேறு. ஓய்வு நேரம் பெருகியது. ஆயினும் நூலகத்தில் நூல் பெறுவது இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கட்டணத்தை நீக்கியும் பயனில்லை. வீட்டு வேலை காத்திருந்தமையால் பெண்கள் விரைந்து நடந்தனர். ஆண்களுட் பெரும்பாலோர் தெருவிலே நின்று நின்று நடந்தனர். காலையில் என்ன செய்தீர் என்று வினவியபோது, பலருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஆசிரியர் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் பரிசாக விரும்புவன யாவை எனக் குழந்தைகளை எழுதச் சொன்னார்கள். அண்டை ஊர்க் குழந்தைகள் விரும்பிய பொருள்களின் விலையில் மூன்றில் ஒரு பங்கே மரியந்தால் குழந்தைகள் விரும்பியவற்றின் விலை. அவர்களுட் பலர், "பெற்றோரிடம் பணம் இருந்தால்" என்னும் நிபந்தனையோடுதான் தம் ஆசையை எழுதினர். ஆசைப்படவும் அஞ்சும் உள்ளத்தை வறுமை அச்சிறாரிடம் வளர்த்துவிட்டது.

உள்ளத்தின் நிலை வருவாயை ஒட்டியே மாறிற்று. தளராத குடும்பங்களில் வளர்ந்த ஒருவர்க்கு மாதம் 34 ஷில்லிங் இருந்தது. அமைந்தடங்கிய குடும்பங்களில் 30. நம்பிக்கை இழந்தவற்றில் 25. எதிலும் பற்றற்றுக் கிடந்தவற்றில் 19. இதனைக் காணும் எவரும், சோம்பலே வறுமைக்குக் காரணம் எனத் துணிந்து கூறுவரோ? முதலில் மூடப்பட்டது ஆலை. சோர்வு அதன்பின் வந்தது.

அதே வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிய, மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதும் நம் வரலாறே.

வகுப்பின் கடைசி வரிசையில் எதையும் கேளாமல், எதையும் விரும்பாமல் அமர்ந்திருக்கும் மாணவனை மந்தபுத்தி உடையவன் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். அவ்வாறு முடிவு செய்வதற்குமுன், அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா எனக் கேட்டறிதல் ஆசிரியர் கடமையாகும்.