நினைவெனும் சீதனம்

ருமேனியக் கவிஞர் நினா கசியன் எழுதிய மூன்று தொகுதித் தன்வரலாற்றின் தலைப்பில் 'ஸெஸ்த்ரே' என்றொரு சொல் வருகிறது. மணமாகிப் போகும் பெண் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோவதைக் குறிக்கும் சொல் அது. 'நினைவு, வரதட்சணையாக' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். உடனே அடித்துவிட்டேன். வரதட்சணை மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது. சீதனம் என்னும்போதுதான், பெயரளவிலாவது, பெண்ணுக்கென்று ஒன்று மிஞ்சுகிறது. 2003 தொடங்கி அந்தத் தொகுதிகள் வெளிவந்தபோது நினா நியூயார்க்கில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

1924இல் கலாட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாசிசக் காலத்தில் யூத மாணவிகளுக்கான தனிப்பள்ளியில் படிக்க நேர்ந்தது. தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் பதின்வயதிலேயே சேர்ந்தார். 1947இல் முதல் தொகுப்பு வந்ததும் கட்சியின் நாளேடு 'ஸ்கன்தேயா' அதைச் சீரழிவு இலக்கியம் என்று சாடியது. அவர் நம்பியிருந்த கட்சிதான் அது. அதன்பின் சில ஆண்டுகள் கட்சி கேட்டபடி எழுதினார். பெண்ணெழுத்து பற்றிப் பேசும்போது இப்படிப்பட்ட பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணிந்த ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் அடுத்து அவர் செய்தது புரியும்.

அவர் குழந்தைகளுக்கு எழுதினார், மொழிபெயர்த்தார். இலக்கிய வீட்டின் பின்கட்டு வேலைகளாகக் கருதப்படுபவை இரண்டும். ஆனால் கண்காணிப்பாளர்கள் கவிதையில் கருத்தைத் தேடியபோது, உருவகமும் ஓசை விளையாட்டும் குழந்தைப் பாடலில் தங்கிக்கொண்டன. தன் பெயரையும் கணவர் அலியின் பெயரையும் புலியைக் குறிக்கும் ருமேனியச் சொல்லோடு ஒட்டி, நினிக்ரா, அலிக்ரு என்று இரண்டு புலிக்குட்டிகளைப் படைத்தார். "இதில் அரசியல் எங்கே மேடம்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். சொல்லை உடைத்து ஒட்டும் உரிமையைக் கைவிடாததில் இருக்கிறது என்றேன். அவளுக்கு முழுத் திருப்தியில்லை.

ஷேக்ஸ்பியர், பிரெக்ட், செலான் ஆகியோரை ருமேனிய மொழிக்குக் கொண்டுவந்தார். எனக்குப் பெரிதாகப் படுவது மோர்கன்ஸ்டர்ன். அந்த ஜெர்மானியரின் விளையாட்டுக் கவிதைகளில் பொருளை மட்டும் பெயர்த்தால் கையில் ஒன்றும் நிற்காது; ஓசையைப் புதிதாகச் செய்தாக வேண்டும். நினாவுக்கு அது கைவந்தது. அவர் இசையமைப்பாளரும்கூட. 'ஸ்பர்கா' என்று தானே ஒரு மொழியைப் புனைந்து அதில் கவிதை எழுதியவர். காதுக்கு அது ருமேனிய மொழிபோலவே ஒலிக்கும். அகராதியில் மட்டும் எதுவும் கிடைக்காது.

1985இல் பாடம் நடத்த அமெரிக்கா சென்றார். அவர் அங்கிருந்தபோது நண்பர், பொறியாளர் கியார்கே உர்சு கைதானார். உர்சுவின் நாட்குறிப்பு காவலர் கையில் சிக்கியிருந்தது. ஆட்சியைக் கேலிசெய்யும் நினாவின் வரிகளும் அதில் இருந்தன. அந்த நவம்பரிலேயே, காவலில் அடிபட்டு உர்சு இறந்தார். நினா நாடு திரும்பவில்லை, அடைக்கலம் கேட்டார். ருமேனியாவில் அவர் வீடு பறிமுதலானது, நூல்கள் தடைசெய்யப்பட்டன. நண்பர் உள்ளே, தான் வெளியே என்பதை ஒருவர் எப்படிச் சுமப்பார்? ஒரு கவிஞராக என்னால் இந்த இடத்தை எளிதில் கடக்க முடியவில்லை.

அறுபதைத் தாண்டிய வயதில் அவர் தன் கவிதைகளையே ஆங்கிலத்துக்குப் பெயர்க்க வேண்டியிருந்தது. பிறர் கவிதைகளுக்காகப் பழகிய கை அப்போது உதவியது. 1990இல் வந்த ஆங்கிலத் தேர்வுத் தொகுப்பில் அமெரிக்கக் கவிஞர்கள் பலர் மொழிபெயர்ப்பில் பங்கேற்றார்கள். பிறகு அவர் நேரடியாக ஆங்கிலத்திலும் எழுதத் தொடங்கினார். தன்வரலாற்றை மட்டும் ருமேனிய மொழியில் எழுதினார். 2014 ஏப்ரலில் நியூயார்க்கிலேயே காலமானார்.