ஸ்பிட்ஃபயரும் சென்னை மாகாணமும்

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையையொட்டி அமைந்துள்ள விமானப்படைத் தளத்தை நம்மில் பலர் அறிவோம். 2020 முதல் சுகோய்-30 அணி ஒன்று இங்கே நிற்கிறது. இதன் தொடக்கமோ இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் அணி, வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்களோடு இங்குதான் மீண்டும் உருவாக்கப்பட்டது. ஆயினும் அப்போரோடு நமக்கிருந்த உறவு இந்த ஓடுதளத்தோடு முடிவதன்று. ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற போர் விமானத்தின் வரலாற்றிலும் நம் பங்கு உண்டு.

ஸ்பிட்ஃபயரை ஆர். ஜே. மிட்செல் என்ற தனியொரு மேதையின் படைப்பாகவே கேட்டு வந்திருக்கிறோம். சூப்பர்மரைன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த கடல் விமானம் 1931இல் ஷ்னைடர் கோப்பையை வென்றது. ஆனால் 1934இல் பறந்த அவருடைய முதல் போர் விமானம் தோல்வியே கண்டது. அதைக் களைந்து, மெல்லிய நீள்வட்ட இறக்கையும் மெர்லின் எஞ்சினும் கொண்டு அவர் சமைத்த புதிய விமானம் 1936 மார்ச் 5 அன்று பறந்தது. மறு ஆண்டே, 42 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. போரை அவர் காணவில்லை.

பின்னர் அதனை வளர்த்தவர் ஜோசப் ஸ்மித். விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தினால் எஞ்சின் திணறும் குறை இருந்தது. 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், துளையிட்ட சிறு உலோக வளையம் ஒன்றால் அதைப் பெருமளவு தணித்தார். ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 விமானத்துக்கு விடையாக 1942இல் ஒன்பதாம் வகை வந்தது. மொத்தம் 20,000க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் உருவாயின.

இவற்றுக்குப் பணம்? 5,000 பவுண்டு நன்கொடை தந்தால் ஒரு விமானத்துக்குக் கொடையாளர் விரும்பும் பெயர் சூட்டப்பட்டது. நம் மாகாணம் திரட்டித் தந்த நிதிக்கு நன்றியாக 79, 234, 264 ஆகிய மூன்று அணிகள் ‘சென்னை மாகாணம்’ என்ற பெயரைத் தாங்கின. அவற்றுள் 234ஆம் அணி 1940இல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயரோடு பொருதது.

அதே 1940 அக்டோபரில் காந்தி தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகம், பிரிட்டிஷாரின் போருக்கு ஆளாலோ பொருளாலோ உதவலாகாது என்றது. டிசம்பரில் ராஜாஜி சிறை சென்றார். 1942இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கொடுத்த மாகாணமே அரிசிக்குத் திண்டாடியது.

மனமுவந்து கொடுத்தவர் யார், கலெக்டரின் முகத்துக்காகக் கொடுத்தவர் யார், மறுத்தவர் யார்? ‘மாகாணம்’ என்ற ஒற்றைச் சொல் எல்லோரையும் விழுங்கிவிட்டது. நம் வீட்டுப் பரணில் பழைய போர்நிதி ரசீது கிடைத்தால், அதை எறிந்துவிடாமல் காப்போம்.