மேமோகிராம் எடுப்பவர் யார்? ஓர் எக்ஸ்ரேயின் நூறு வருடக் கதை

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு வசனம் தெரியும்: "என் மெஷின்ல ஓடுதே!" டெவலப்பரின் லேப்டாப்பில் சமர்த்தாக ஓடிய புரோகிராம், சர்வரில் ஏற்றியதும் படுத்துக்கொள்ளும். யாரைக் கேட்டாலும் இந்த வசனம்தான் பதில்.

மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ்ரேக்குப் பெயர் மேமோகிராம். இதற்கும் பல வருடங்கள் அதே வியாதி இருந்தது. ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் அருமையாக வந்த படம், வேறு ஊரில் வேறு கையில் வரவில்லை. அதைச் சரிசெய்த கதைதான் இன்றைய எபிசோட். கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது. கண்டுபிடித்த டாக்டர்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நாம கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து, அந்தப் படத்தை எடுக்கிற மேமோகிராஃபி டெக்னாலஜிஸ்ட்டைப் பார்க்கப்போறோம். அதிலும், ஒரே இடத்தில் இல்லாமல் திங்கட்கிழமை ஒரு கிளினிக், புதன்கிழமை இன்னொரு கிளினிக் என்று மாறி மாறி வேலை பார்க்கிறவரை.

ஏன் இது கஷ்டமான படம்?

கை எலும்பு உடைந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். எலும்புக்கும் சதைக்கும் அவ்வளவு வித்தியாசம். மார்பகத்துக்குள் எலும்பு கிடையாது. கொழுப்பு, பால் சுரப்பித் திசு, கட்டி மூன்றும் எக்ஸ்ரேயைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் உறிஞ்சுகின்றன. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் படத்தில் கொண்டுவரணும். புற்றுநோயின் முதல் அறிகுறி சில சமயம் சுண்ணாம்புத் துகள் மாதிரி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கால்சியப் புள்ளிகள். பெண் மூச்சு விட்டு லேசாக அசைந்தாலே அது கலங்கிவிடும்.

1913-ல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுவை செய்து எடுத்த சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, புற்றுநோய் படத்தில் எப்படித் தெரியும் என்று முதன்முதலாக எழுதினார். உயிரோடு இருக்கும் ஒரு நோயாளிக்கு அதைப் பயன்படுத்தவில்லை. அவர் யூதர். 1933-ல் நாஜி ஆட்சி வந்ததும் வேலை போனது. ஓவியர் ஷார்லட் சாலமன் அவருடைய மகள்தான். 1943-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். தந்தை நெதர்லாந்துக்குத் தப்பிப் பிழைத்தார்.

1930-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஸ்டாஃபர்ட் வாரன், உயிரோடு இருக்கும் பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரே எடுத்து எழுதினார். 1949 வாக்கில் உருகுவேயில் ராவுல் லெபோர்ன் என்ற மருத்துவர் இரண்டு விஷயங்களை வலியுறுத்தினார்: மார்பகத்தைச் சரியான நிலையில் வைக்கணும், அழுத்திப் பிடிக்கணும். அழுத்தினால் திசு பரவி, ஒன்றின் பின் ஒன்று ஒளியாது. தடிமன் குறைவதால் கதிர்வீச்சும் குறையும். அசைவும் இருக்காது. இன்றைக்கு மேமோகிராம் எடுத்த பெண்கள் "நசுக்கிட்டாங்க" என்று சொல்வது இந்த அழுத்தத்தைத்தான்.

எல்லாம் சரி. ஆனால் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொருவரின் கைத்திறமையாகவே இருந்தன.

ஹூஸ்டனின் செய்முறை

1956-ல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் ராபர்ட் ஈகன் என்ற இளம் ரேடியாலஜிஸ்ட் இந்த வேலையில் இறங்கினார். அவரிடம் தனி மெஷின் எதுவும் இல்லை. சாதாரண எக்ஸ்ரே மெஷினில் வோல்டேஜைக் குறைத்தார், கரண்ட்டைக் கூட்டினார். மருத்துவ ஃபிலிமை விட்டுவிட்டு, தொழிற்சாலைகளில் உலோகப் பாகங்களைச் சோதிக்கும் நுண்மையான ஃபிலிமை எடுத்தார். 1960-ல் ஆயிரம் பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார்.

படித்தவர்கள் நம்பவில்லை. "உங்களுக்கு வருது, எங்களுக்கு வருமா?" என்பதுதான் நியாயமான கேள்வி. நம்ம பாஷையில் சொன்னால், உன் மெஷின்ல ஓடுது, என் மெஷின்ல ஓடுமா?

பதிலாக நடந்த சோதனைதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி. ஈகனின் செய்முறை வெவ்வேறு ஊர்களில் 24 மருத்துவ நிறுவனங்களுக்குப் போனது. கேள்வி ஒன்றே ஒன்று: ஈகன் பக்கத்தில் இல்லாமல் இது வேலை செய்யுமா? 1965-ல் முடிவு வெளியானது. மற்றவர்களாலும் கற்றுக்கொள்ள முடியும், தேறும்படியான படம் எடுக்க முடியும். ஒரு மனிதரின் திறமையாக இருந்தது, அன்றைக்குத்தான் ஒரு செய்முறை ஆனது.

அதே காலத்தில், 1963 கடைசியில், நியூயார்க்கில் இன்னும் பெரிய சோதனை தொடங்கியது. ஹெல்த் இன்சூரன்ஸ் பிளான் என்ற காப்பீட்டு அமைப்பைச் சேர்ந்த 40 முதல் 64 வயதுப் பெண்கள் சுமார் 62,000 பேர். பாதிப் பேரை மேமோகிராமுக்கும் மருத்துவரின் கைப்பரிசோதனைக்கும் அழைத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைவு.

அந்த ஆய்வில் சாம் ஷபிரோ, பிலிப் ஸ்ட்ராக்ஸ், லூயிஸ் வெனட் ஆகிய மூன்று பெயர்கள் வரலாற்றில் நின்றன. ஒரு புள்ளியியலாளர், ஒரு ரேடியாலஜிஸ்ட், ஒரு அறுவை மருத்துவர். ஆனால் அந்தப் பெண்கள் வந்தது ஒரே ஆஸ்பத்திரிக்கு இல்லை. நகரம் முழுக்கச் சிதறியிருந்த 23 மருத்துவக் குழுக்களுக்கு. அங்கெல்லாம் யாரோ ஒருவர் ஒவ்வொரு பெண்ணையும் நிற்கவோ படுக்கவோ வைத்து, தோளைத் தளர்த்தச் சொல்லி, ஃபிலிமை வைத்துப் படம் எடுத்தார்களே, அந்த யாரோ ஒருவரைப் பற்றித் தனியாக ஒரு எபிசோட் போடுமளவுக்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மெஷின் வந்தது, கூடவே கூட்டமும்

1960-களின் நடுவில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் சார்ல்ஸ் குரோ, சி.ஜி.ஆர். நிறுவனத்தோடு சேர்ந்து மார்பகத்துக்கென்றே ஒரு மெஷின் உருவாக்கினார். பெயர் செனோகிராஃப். வழக்கமான டங்ஸ்டனுக்குப் பதிலாக மாலிப்டினம். அதிலிருந்து வரும் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே, மென்மையான திசுவுக்கு ஏற்றது. அழுத்தும் அமைப்பும் மெஷினிலேயே இருந்தது. பின்னாளில் அந்த நிறுவனத்தை ஜெனரல் எலெக்ட்ரிக் வாங்கியது. பெயரை மட்டும் விடவில்லை.

1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அதை அவர் மறைக்கவில்லை. பரிசோதனைக்குப் பெண்கள் திரளாக வந்தார்கள். இரண்டே வருடத்தில் எதிர்க்கேள்வியும் வந்தது. 1976-ல் ஜான் பெய்லர் என்ற ஆய்வாளர், நோயைத் தேடும் கதிர்வீச்சே நோயைக் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கதிர்வீச்சைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற அழுத்தம் அதிலிருந்து வலுத்தது.

1980-களில் மெஷின்கள் பெருகின. 1985-ல் நாடளவில் ஒரு கணக்கெடுப்பு எடுத்தபோது, படத்தின் தரத்திலும் கதிர்வீச்சு அளவிலும் கிளினிக்குக்கு கிளினிக் பெரிய வித்தியாசம் தெரிந்தது. யோசிச்சுப் பாருங்க: ஒரே மாதிரி இரண்டு பெண்கள், ஒரே மாதிரி கட்டி. ஒருத்தி போன கிளினிக்கில் தெரிகிறது. இன்னொருத்தி போன கிளினிக்கில் தெரியவில்லை, "எல்லாம் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மோசமான படம் வெறுமனே பயனற்றது இல்லை. அது பொய்யான நிம்மதியைக் கொடுக்கும்.

1987-ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி, விருப்பப்பட்டவர்கள் சேரும் தரச்சான்றிதழ் திட்டத்தைக் கொண்டுவந்தது. அது போதாமல் 1992-ல் சட்டமே வந்தது: மேமோகிராஃபி குவாலிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் ஆக்ட். 1994 அக்டோபரிலிருந்து சான்றிதழ் இல்லாமல் மேமோகிராம் எடுக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார்.

சட்டம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள்

இந்தச் சட்டத்தின் விதிகள் டாக்டர், இயற்பியலாளர், மெஷின் எல்லாவற்றையும் பேசின. கூடவே டெக்னாலஜிஸ்ட்டையும் தனியாகப் பேசின. பொது எக்ஸ்ரே தகுதிக்கு மேல் 40 மணி நேரம் மேமோகிராஃபி பயிற்சி. மேற்பார்வையில் 25 பரிசோதனை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு 24 மாதத்திலும் குறைந்தது 200 பரிசோதனை, 36 மாதத்தில் 15 தொடர்கல்விப் புள்ளிகள். அந்த 200 குறைந்துபோனால் மறுபடி மேற்பார்வையில் 25.

நாலு கிளினிக்கில் வேலை பார்ப்பவருக்கு இதன் அர்த்தம் என்ன? இன்ஸ்பெக்டர் எந்தக் கிளினிக்குக்கு வந்தாலும் அவருடைய சான்றிதழும் கணக்கும் அங்கே இருக்கணும். ஆக, நாலு இடத்திலும் ஒரு ஃபைல்.

ஃபிலிம் காலத்தில் அவருடைய காலை, முதல் பெண் வருவதற்கு முன்பே டார்க் ரூமில் தொடங்கும். ஃபிலிம் கழுவும் மெஷினில் ஒரு சோதனைத் துண்டை ஓட்டி அதன் கருமையை அளக்கணும். வழக்கமான அளவிலிருந்து 0.15-க்கு மேல் விலகினால், சரிசெய்யும்வரை அதில் நோயாளியின் ஃபிலிம் போகக்கூடாது. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி. வாரம் ஒருமுறை, மார்பகம் போலச் செய்த ஒரு பிளாஸ்டிக் கட்டியைப் படமெடுப்பார். உள்ளே 6 நார், 5 புள்ளித் தொகுதி, 5 கட்டி. குறைந்தது 4, 3, 3 தெரியணும். இது அவர்களுடைய யூனிட் டெஸ்ட்.

2000-த்தில் முதல் டிஜிட்டல் மேமோகிராஃபி மெஷினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2011-ல் முப்பரிமாண டோமோசிந்தசிஸ். டார்க் ரூம் போனது, நிம்மதி என்று நினைப்பீங்க. கிளினிக் மாறி வேலை பார்ப்பவருக்கு வேறு தலைவலி வந்தது. டிஜிட்டலில் தினசரி, வாராந்திர சோதனைகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் கையேட்டின்படி செய்யச் சொன்னது. இங்கே ஹோலோஜிக், அங்கே ஜி.இ., இன்னொரு இடத்தில் சீமென்ஸ். மெஷினுக்கு ஒரு சடங்கு. எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும் ஒரே கையேடு 2016-ல்தான் வந்தது. ஒவ்வொரு புது வகை மெஷினுக்கும் தனியாக 8 மணி நேரப் பயிற்சி, அது வேற.

கடைசியில் மிஞ்சுவது கை

ஃபிலிம், கெமிக்கல், வோல்டேஜ் எல்லாம் ஒழுங்குக்கு வந்த பிறகும் ஒன்று மிஞ்சியது. சான்றிதழுக்கு அனுப்பும் படங்கள் தேறாமல் போவதற்கு முதல் காரணம் பொசிஷனிங், அதாவது மார்பகத்தை மெஷினில் வைக்கும் விதம். 2017-ல் அரசு இதற்கென்றே ஈக்விப் என்ற புது ஆய்வு முறையைக் கொண்டுவந்தது.

மார்பகத்தின் கீழ்ப்பக்கமும் வெளிப்பக்கமும் நகரும். மேல்பக்கமும் நடுப்பக்கமும் உடம்போடு இறுகியிருக்கும். அதனால் நகரும் பக்கத்தை, நகராத பக்கத்தை நோக்கிக் கொண்டுபோகணும். சாய்வாக எடுக்கும் படத்தில் மார்புத் தசை காம்பின் மட்டம்வரை இறங்கித் தெரியணும். அப்போதுதான் பின்னால் இருக்கும் திசுவும் உள்ளே வந்ததாக அர்த்தம். இழுத்து வைக்காத அந்த இரண்டு சென்டிமீட்டரில் கட்டி இருந்தால்? அது படத்திலேயே கிடையாது. எவ்வளவு பெரிய டாக்டர் பார்த்தாலும், எந்த ஏஐ பார்த்தாலும், இல்லாத பிக்ஸலைப் படிக்க முடியாது.

இதைச் செய்ய அவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். எதிரில் நிற்பவர் முன்பின் தெரியாத பெண். சட்டையில்லாமல், குளிரில், பயத்தோடு. அவர் தோளை இறுக்கினால் மார்புத் தசை இறுகும், படம் போச்சு. அதனால் அவரைத் தளரவைப்பதும் தொழில்நுட்பத்தின் பாதிதான். அதை எந்தக் கையேடும் எட்டு மணி நேரத்தில் சொல்லித்தராது.

எத்தனை வயதில் தொடங்கலாம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2009-ல் 50 வயதிலிருந்து என்று பரிந்துரைத்த அமெரிக்கக் குழு, 2024-ல் 40-லிருந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்றியது. ஆனால் எந்த வயதில் எடுத்தாலும், படம் உருப்படியாக இருந்தால்தான் அந்த விவாதத்துக்கே அர்த்தம்.

இன்னொரு சின்ன விதியோடு முடிக்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொரு மேமோகிராமிலும் பெண்ணின் பெயர், தேதி, கிளினிக்கோடு அதை எடுத்த டெக்னாலஜிஸ்ட் யார் என்ற அடையாளமும் இருக்கணும். நம்ம ஊர் கிட் பிளேம் மாதிரிதான். தப்பு நடந்தால் யார் என்று தெரியும். சரியாக வந்த படத்திலும் அதே அடையாளம் இருக்கிறது. அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை உங்க வீட்டில் யாராவது மேமோகிராமுக்குப் போனால், எடுத்தவர் பெயரைக் கேட்டு ஒரு நன்றி சொல்லிட்டு வரச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.